எழுத்துத் தரம் போடும் முன்னேற்ற அட்டை: பெற்றோர் பார்வையில் ஒரு மதிப்புரை

தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு எட்டாம் வகுப்பு வரை நடைமுறைக்கு வந்தபோது, மதிப்பெண்ணும் ரேங்கும் நிரம்பிய பழைய அட்டையின் இடத்தை ஏ1 முதல் இ2 வரையிலான தரங்கள் பிடித்துக்கொண்டன. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காகப் பருவந்தோறும் அந்த அட்டையில் கையெழுத்திடும் தகப்பன் என்ற முறையில், அது பெற்றோருக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதை மட்டும் இங்கே எடைபோடுகிறேன்.

ரேங்க் ஒழிந்தது நல்லதே. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஒரு மதிப்பெண்ணுக்காக நடக்கும் சண்டை ஓயவில்லை; 81 பெற்ற குழந்தையும் 90 பெற்ற குழந்தையும் ஏ2 என்றிருக்க, 91 பெற்றவள் ஏ1 ஆகிவிடுவதால், சண்டை இப்போது எல்லைக்கோட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய குறை வேறொன்று. வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் முழுக்க நடக்கும் செயல்திட்டங்கள், சிறு தேர்வுகள்) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்று கூட்டி ஒரே எழுத்தாக்கும்போது, ஸ்டேஷனரி கடையில் வாங்கிய படங்களை நானே சார்ட்டில் ஒட்டிக்கொடுத்த செயல்திட்டமும் அவள் தானே போட்ட கணக்கும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 812ஐ 4ஆல் வகுக்கச் சொன்னால், 203 வரவேண்டிய ஈவில் நடுவிலுள்ள பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு 23 என்று எழுதுகிறாள். அட்டையோ கணிதத்தில் ஏ2 என்கிறது; குறிப்புக் கட்டத்தில் 'நன்று'.

மதிப்பெண்ணுக்கே திரும்பினால் தீருமா என்றால், தீராது. சிபிஎஸ்இ 2009இல் தரமுறைக்கு மாறி, 2011இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை விருப்பத்துக்கு விட்டு, 2018இல் மீண்டும் கட்டாயமாக்கியது. இத்தனை சுற்றுக்குப் பிறகும் விடுபட்ட பூஜ்ஜியத்தைப் பற்றி ஏ2 சொல்லாததை 84ம் சொல்வதில்லை. 1988இல் கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் ஆசிரியர் எழுதிய கருத்துக் குறிப்பை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. எண் கண்ணில் பட்டபின் குறிப்பை யார் படிக்கிறார்கள்?

தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சியைத் தருவதால், இந்த அட்டையைவிட ஒரு படி மேல் என்பேன். (ஆனாலும் 'உங்க பையன் மலரா, மொட்டா?' என்று விசாரிக்க நம் ஊரில் ஆளா இல்லை!)

பொறியியல் கலந்தாய்வில் 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் தசமப் புள்ளி வரை பார்க்கப்படும் மாநிலத்தில், மேல்வகுப்புகளில் மதிப்பெண்ணை விடச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்காத நம் பாடத்திட்டத்தில், அதுவரையாவது எழுத்துத் தரத்தை எடுத்துவிட்டுப் பாடத்துக்கு இரண்டு வரி எழுதித் தரலாம். ஒரே ஆசிரியர் நாற்பது பிள்ளைகளுக்கு எழுதுவது பெரும் சுமைதான்; வளரறிப் பதிவேடுகளை நிரப்பும் வேலையைக் குறைத்தால் அதற்கு நேரம் கிடைக்கும்.

இப்போதுள்ள அட்டைக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கையெழுத்திடும் முன் தேர்வுத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; எங்கள் பள்ளியில் கேட்டால் காட்டுகிறார்கள்.