ஒற்றைப் பீப்பாய்க் கல் ஈலா, 11 வருடம்

முதல் நாள் இரவு இந்த விஸ்கி எனக்குப் பிடிக்கவில்லை. சிங்கப்பூர் யீஷூன் வீட்டுக் கூடத்தில் இரவு ஒன்பதுக்கும் புழுக்கம். ஊற்றியதும் 57.3 சதவீத ஆல்கஹால் மூக்கைக் குத்தியது, வேறொன்றும் பிடிபடவில்லை. மறுநாள் குளிர்சாதன அறையில் வைத்து, ஊற்றி இருபது நிமிடம் பொறுத்தேன். அதன் பிறகுதான் வாய் திறந்தது.

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 1846இல் தொடங்கிய வடிசாலை கல் ஈலா. கேலிக் மொழியில் ‘ஐலா நீரிணை’ என்று பொருள். எதிர்க்கரையில் ஜூரா தீவின் மலைகள். இங்கு வடிப்பதில் பெரும்பகுதி ஜானி வாக்கர் போன்ற கலவை விஸ்கிகளுக்குப் போகிறது. சில பீப்பாய்களைச் சுயேச்சை நிறுவனங்கள் வாங்கி, எதனோடும் கலக்காமல் தம் பெயரில் அடைக்கின்றன. என்னுடையது அப்படி ஒரு ஹாக்ஸ்ஹெட் பீப்பாய், சுமார் 250 லிட்டர் கொள்ளும் அளவு. அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

நிறம் வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி. வெளிறியிருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். நிறமூட்டவில்லை, பீப்பாயும் முன்பே பலமுறை பயன்பட்டது. அதனால் மரத்தின் இனிப்பு சாராயத்தை மூடவில்லை.

செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் 22 வருடம் உழைத்த மூக்கு என்னுடையது. ஈரக் கயிறு, தார், உப்புக் காற்று எல்லாம் இதில் இருந்தன. அடியில் பீட் எனும் சதுப்புநிலக் கரியின் புகை, தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்பின் வாசனையாக. அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டதும் புகை விலகி, வெயிலில் காய்ந்த உப்பு நார்த்தங்காய் வந்தது! அந்த ஒரு நொடிக்காகவே இதை மெச்சுகிறேன். நெத்திலி வறுவலோடு இன்னும் நன்றாக இருக்கிறது.

மைத்துனர் பனிக்கட்டி போட்டார், விஸ்கி கலங்கியது. “கெட்டுவிட்டதா மச்சான்?” என்று பதறினார். குளிரவைத்து வடிகட்டாததால் உள்ளே தங்கிய எண்ணெய்ப் பசை குளிரில் திரள்கிறது, அவ்வளவுதான். ஆனால் நார்த்தங்காய் போயே போய்விட்டது. பனிக்கட்டி வேண்டாம்.

குறையும் உண்டு. தண்ணீர் சேர்க்காமல் குடித்தால் நடுவில் வெறும் காரம், தொண்டையில் சாம்பல் கசப்பு. இன்னும் நாலைந்து வருடம் பீப்பாயில் கிடந்திருக்கலாம்.

விலை 215 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சிங்கப்பூரில் தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. இந்த 700 மில்லிக்கு அது மட்டுமே 35 வெள்ளிக்கு மேல். 40 சதவீதப் பாட்டிலுக்கு 25 வெள்ளிகூட வராது. இருந்தும் கொடுத்த காசுக்குத் தகும் என்றே சொல்வேன். போன சனிக்கிழமை கடையில் இரண்டு பாட்டில் மீதமிருந்தன. ஒன்றைத் தீபாவளிக்கு எடுத்துவைத்துவிட்டேன்.