அந்தமானில் ஒரு பகல் மிச்சமிருந்தால்: ஜாலி பாயா, நார்த் பேயா, எலிஃபன்ட் பீச்சா?

அந்தமானுக்கு டிக்கெட் போட்டவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். செல்லுலார் ஜெயில் பட்டியலில் வந்தாயிற்று, ஹேவ்லாக் தீவுக்கு இரண்டு இரவு ஒதுக்கியாயிற்று, ஒரு பகல் மிச்சம் இருக்கிறது. காலையில் படகேறி ஒரு தீவுக் கடற்கரையில் இறங்கி, குளித்து, பவளப்பாறை பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். எந்தப் படகு?

நான் இரண்டு முறை போய்வந்தவள். முதல் முறை கணவரோடு போனபோது ராஸ் தீவும் நார்த் பேயும் சேர்ந்த படகு. இரண்டாவது முறை இந்தப் பிப்ரவரியில், முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவையும் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹேவ்லாக்கில் ஒரு காலைப்பொழுது எலிஃபன்ட் பீச், போர்ட் பிளேர் திரும்பியபின் ஒரு முழுநாள் ஜாலி பாய் தீவு. என் ஓட்டு ஜாலி பாய்க்குத்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே இருப்பதில் பாதிக்குமேல் அதைப் பற்றியே இருக்கும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ராஸ் தீவு 2018 டிசம்பரில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு ஆனது, ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். டிக்கெட்டில் புதுப்பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். ஆட்டோக்காரர்களும் படகுக்காரர்களும் எங்களிடம் பழைய பெயரைத்தான் சொன்னார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளை மணல், கண்ணாடி மாதிரித் தண்ணீர், இதெல்லாம் மூன்று இடத்திலும் உண்டு. மூன்றிலும் இரவு தங்க முடியாது. அங்கே குளிர்காலத்தில் ஐந்து ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால் எல்லாப் படகும் மதியத்துக்குப் பிறகு கரை திரும்பத் தொடங்கிவிடும். ஆகவே இந்த மூன்றையும் நேரத்தையும் மணலையும் வைத்துப் பிரித்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை.

நார்த் பேயை எடுத்துக்கொள்வோம். இதன் பெரிய பலம் பக்கத்தில் இருப்பது. ஊருக்குள்ளேயே இருக்கும் அபெர்டீன் படகுத்துறையில் ஏறினால் சட்டென்று போய்விடலாம். பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் தென்னை மரங்களும் கலங்கரை விளக்கமும் இருக்குமே, அது போர்ட் பிளேர் பக்கமிருந்து தெரியும் இந்த நார்த் பேயின் காட்சிதான். கூடவே வரும் ராஸ் தீவைப் பார்க்காமல் யாரும் அந்தமானிலிருந்து திரும்பக்கூடாது என்பேன். ஆங்கிலேயர் எண்பது ஆண்டுக்கும் மேலாக நிர்வாகத் தலைமையிடமாக வைத்திருந்த தீவு அது. 1941 ஜூனில் வந்த நிலநடுக்கம், மறு வருடம் ஜப்பானியர் வந்து இறங்கியது, அதோடு அதன் காலம் முடிந்தது. தேவாலயச் சுவர்களை மர வேர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, மான்கள் பக்கத்திலேயே மேய்கின்றன. அந்தப் பயணத்தில் மனதில் நின்றது எனக்கு ராஸ்தான்.

நார்த் பேக் கடற்கரை வேறு மாதிரி. படகு கரையைத் தொடுவதற்கு முன்பே பேரம் ஆரம்பித்துவிட்டது: சீ வாக், ஸ்கூபா, ஜெட் ஸ்கீ, கண்ணாடிப் படகு, இரண்டு எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் ஒரு விலை. படகு டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அவிழ்க்கும்போது பை காலியாகிவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நீச்சல் சுத்தமாகத் தெரியாதவர், தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மேலிருந்து குழாய் வழியே காற்று வர, கடலின் தரையில் நடந்து பார்க்க ஆசைப்பட்டால் நார்த் பே நல்ல இடம். என் கணவர் அதைச் செய்தார், இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார். நான் ஸ்நார்க்கெலிங் போனேன், அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடியே கீழே பார்ப்பது. ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தம்பி இழுத்துக்கொண்டு போனார். கீழே சாம்பல் நிறத்தில் உடைந்த பவளத் துண்டுகள், நடுநடுவே சில மீன்கள். அதுதான் பவளப்பாறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

எலிஃபன்ட் பீச்சில் நான் இருந்தது ஒரே ஒரு காலை, அதுவும் மேகம் மூடிய காலை. இங்கே நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து விசைப்படகில் போகலாம், இல்லையென்றால் காட்டுப்பாதையில் இரண்டு கிலோமீட்டர் போல நடந்தும் போகலாம். அம்மாவால் நடக்க முடியாது என்பதால் படகு. 2004 சுனாமிக்குப் பின் பட்டுப்போன பெரிய மரங்கள் கரையில் சாய்ந்து கிடக்கின்றன, பார்க்கவே மனதைப் பிசையும். கரையிலிருந்து சில அடி போனாலே மீன் கூட்டம், அதில் குறையில்லை. ஆனால் பத்து மணிக்குமேல் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஜெட் ஸ்கீ சத்தமும் சேர்ந்து, தண்ணீர் கலங்கிவிட்டது. ஹேவ்லாக்கில் தங்குகிறவர்கள் முதல் படகில் போய்விட்டு வரலாம்.

இனி ஜாலி பாய். வழி கொஞ்சம் நீளம். போர்ட் பிளேரிலிருந்து வண்டூருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார், அங்கிருந்து இன்னொரு மணி நேரம் போலப் படகு. தீவு மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1983இல் அறிவிக்கப்பட்டு, 281 சதுர கிலோமீட்டருக்குமேல் விரிந்திருக்கும் பூங்கா. வனத்துறை அனுமதி வேண்டும், அடையாள அட்டை வேண்டும். வண்டூர்ப் படகுத்துறையில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட், பிளாஸ்டிக் பை எதுவும் உள்ளே போகாது. தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் கட்டினோம். திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால்தான் பணம். எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை கொண்டுபோயிருந்தோம், அதற்குத் தடையில்லை. தீவில் கடை கிடையாது, ஒரு டீ கூடக் கிடைக்காது என்பதால் அந்த டப்பாதான் எங்களைக் காப்பாற்றியது.

படகு முதலில் அலையாத்திக் காடுகள் சூழ்ந்த அமைதியான கால்வாய் வழியாகப் போகிறது, பிறகு திறந்த கடல். தீவில் படகுத்துறை இல்லை. பெரிய படகு தள்ளியே நின்றுவிடும், அங்கிருந்து கண்ணாடிப் படகுக்கு மாறிக் கரைக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு இந்த மாற்றம் சிரமமாகத்தான் இருந்தது. இரண்டு படகும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடும்போது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார். படகுக்காரர் தமிழ்க்காரர், அந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. “அம்மா, என் தோளைப் புடிச்சுக்குங்க, கடலைப் பாக்காதீங்க, என்னப் பாருங்க” என்று சொல்லிக் கைத்தாங்கலாக இறக்கி உட்காரவைத்தார். முழங்கால் மிகவும் மோசமாக இருப்பவர்களை நான் அழைத்துப்போகச் சொல்ல மாட்டேன்.

உட்கார்ந்தபின் அம்மா கண்ணாடியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகப் பவளம், மான் கொம்பு மாதிரிக் கிளைவிட்ட பவளம், அதைக் கொத்தித் தின்னும் கிளிமீன், கடல் சாமந்திக்குள் ஒளிந்து எட்டிப்பார்க்கும் கோமாளி மீன், அசையாமல் கிடக்கும் கடல் அட்டை. ஓரிடத்தில் ராட்சதச் சிப்பி ஒன்று, உள்ளே நீலமும் பச்சையுமாக, படகின் நிழல் விழுந்ததும் மெல்ல மூடிக்கொண்டது. “பாட்டி, அது நம்மளப் பாத்துடுச்சு” என்று என் மகள் கத்தினாள். நீச்சல் தெரியாத, தண்ணீரில் கால்கூட வைக்காத அறுபத்தெட்டு வயது அம்மா இவ்வளவையும் பார்த்தார். நார்த் பேயில் நான் தண்ணீருக்குள் தலையைவிட்டுப் பார்த்ததைவிட அதிகம்.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? நான் முடிவெடுக்கும்போது ஒன்றைத்தான் கணக்கில் எடுத்தேன்: எந்தப் பாறைக்கு ஓய்வு கிடைக்கிறது?

ஜாலி பாய் வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. ஏறக்குறைய நவம்பர் தொடங்கிக் கோடை வரை இதைத் திறக்கிறார்கள், மழைக்காலப் பகுதியில் இதை மூடிவிட்டு அதே பூங்காவின் ரெட் ஸ்கின் தீவைத் திறக்கிறார்கள். ஒரு வயலைத் தரிசாகப் போட்டு இன்னொன்றில் பயிரிடுவது மாதிரி. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பவளம் வளரும் வேகத்தை யோசித்தால் அப்படித் தோன்றாது. கிளைவிடும் வகைகள் நன்றாக இருந்தால் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரலாம். உருண்டை உருண்டையாகப் பாறைபோல் திரளும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஒருவர் தெரியாமல் காலூன்றி உடைத்த கைப்பிடி அளவு பவளத்துக்குப் பின்னால் என் மகளின் வயதைவிட அதிகமான காலம் இருக்கலாம்.

உடைவது மட்டும் பிரச்சினை இல்லை. குளிப்பவர்கள் மிதித்துக் கிளப்பும் மணல் மெல்லப் பவளத்தின்மேல் படிகிறது. பவளத்தின் உடம்புக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து வெயிலை வாங்கி உணவு சமைத்துக் கொடுக்கின்றன. மணல் மூடினால் வெயில் குறைகிறது, பட்டினிதான். நங்கூரம், கலங்கல், படகு எண்ணெய், மேலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் என்று ஒவ்வொன்றும் தினசரி கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கும். தினமும் ஆள் இறங்கும் இடத்தில் அந்தக் கணக்கு நேராவதே இல்லை. சில மாதம் யாரும் வராத இடத்தில் அதற்கு ஒரு வாய்ப்பாவது உண்டு. ஜாலி பாயில் குளிக்கும் எல்லையைக் குறித்துவைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டினால் விசில் அடிக்கிறார்கள். முதலில் எனக்கு அது இடைஞ்சலாக இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தபிறகு அந்த விசில்காரர் மேல் மரியாதைதான் வந்தது.

ஓய்வு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று சொல்லவரவில்லை. கடல் சூடேறினால் அந்தப் பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துப்போகும். 1998இலும் 2010இலும் அந்தமான் கடல் முழுக்க அப்படி நடந்தது, பூங்கா என்பதற்காக வெப்பம் ஒதுங்கிப் போகவில்லை. கண்ணாடிக்குக் கீழே வெளிறிச் செத்த திட்டுகளை நானே பார்த்தேன். ஆனால் அவற்றின்மேலேயே விரல் நுனி அளவில் புதிய கிளைகள் முளைத்திருந்தன. படகுக்காரர் அதைத்தான் தேடித் தேடிக் காட்டினார்: “அக்கா, பூவப் பாக்காதீங்க, இந்த மொட்டப் பாருங்க.”

பாதுகாப்பு மூன்று படகுக்கும் பொது. 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே சுற்றுலாப் படகு ஒன்று அளவுக்குமேல் ஆளேற்றிக் கவிழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கையில் கொடுத்தால் போதாது, இடுப்பு வார் வரை கட்டியபிறகுதான் உட்காருங்கள். எங்கள் முதல் பயணத்தில் படகிலிருந்த ஒரு குழந்தைக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டைத்தான் மாட்டிவிட்டார்கள், அது தோளைவிட்டு நழுவிக்கொண்டே இருந்தது. குழந்தை அளவு இருக்கிறதா என்று டிக்கெட் வாங்குமுன் கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். ஜாலி பாயிலிருந்து திரும்பியதும் வண்டூர்க் கடற்கரையில் இன்னொரு முழுக்குப் போடத் தோன்றும். அங்கே முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, அலங்காரத்துக்கு வைத்ததில்லை. வலை கட்டிய பகுதிக்கு வெளியே இறங்காதீர்கள்.

என் மகள் மணலில் ஒரு பவளத் துண்டைக் கண்டெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். செத்த பவளமாகவே இருந்தாலும் எடுக்கக்கூடாது. பவளமும் ராட்சதச் சிப்பியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, புலிக்கு உள்ள அதே இடம். விளக்கிச் சொன்னதும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அரை நாள்தான் இருக்கிறது, மாலை விமானம் என்றால் ராஸும் நார்த் பேயும் போங்கள், ராஸில் அதிக நேரம் செலவிடுங்கள். மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு ஜாலி பாய் இல்லை, ரெட் ஸ்கின்தான். அங்கே நான் போனதில்லை என்பதால் சிபாரிசு செய்ய மாட்டேன். நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவே ஒரு முழுப் பகல் கையில் இருந்தால் ஜாலி பாய்.

திங்கட்கிழமை படகு கிடையாது என்பதைப் பார்த்துக்கொண்டு, பயணத்தின் முதல் நாட்களிலேயே இதை வையுங்கள். நாங்கள் கடைசி நாளுக்கு வைத்துவிட்டோம். அதற்கு முந்தைய நாள் காற்று பலமாக அடித்துப் படகை நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்கு மறுநாள் அதிகாலை விமானம். இரவு முழுக்க ஜன்னலுக்கு வெளியே தென்னை ஓலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.