குவோரம் லாங்குவேஜ்: டெஸ்ட் பண்ணி டிசைன் பண்ணினதாம், எப்படி இருக்கு?

எந்த ப்ரோகிராமிங் லாங்குவேஜ் வந்தாலும் "கத்துக்க ரொம்ப ஈஸி"ன்னுதான் சொல்லுவாங்க, யாருக்கு ஈஸி, எப்படி அளந்தீங்கன்னு கேட்டா முழிப்பாங்க. குவோரம் அந்தக் கேள்விக்கு டேட்டாவோட வந்து நிக்குது, அதுக்காகவே அதுல கோட் எழுதுற சாஃப்ட்வேரான குவோரம் ஸ்டுடியோவை இறக்கிப் பாத்தேன். ஃப்ரீதான்.

இதுக்குப் பின்னாடி இருக்குற முக்கியமான ஆள் லாஸ் வேகாஸ் நெவாடா யுனிவர்சிட்டி ப்ரொஃபசர் ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக். பார்வை இல்லாத பசங்க ஸ்க்ரீன் ரீடர் (ஸ்க்ரீன்ல இருக்குறதை வாய்விட்டுப் படிக்கிற சாஃப்ட்வேர்) வச்சு கோட் எழுதணும்னு ஆரம்பிச்சது இது. ஸ்க்ரீன் போடாம காதுல மட்டும் கேட்டுப் பாருங்க, ஜாவால ஒரு சாதா லூப்பு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பண்ண வைக்கிறது) "ஃபார், பிராக்கெட், இன்ட் ஐ ஈக்வல்ஸ் சைபர், செமிகோலன், ஐ லெஸ் தேன் பத்து, செமிகோலன், ஐ பிளஸ் பிளஸ்"னு போயிட்டே இருக்கும், குவோரம்ல "ரிப்பீட் 10 டைம்ஸ்", கடைசில "எண்ட்", முடிஞ்சுது. பைத்தான் இதைவிட ஈஸியாச்சேம்பீங்க, ஆனா அங்க வரிக்கு முன்னாடி விடுற ஸ்பேஸை வச்சுதான் எது எதுக்குள்ள இருக்குன்னு தெரியும், காதால படிக்கிறவங்க ஸ்பேஸ் எண்ணிட்டு உக்காரணும்.

சரி, டேட்டாவுக்கு வருவோம், எனக்கு லாங்குவேஜை விட இதுதான் பிடிச்சது. 2011ல இவங்க ராண்டமோன்னு ஒரு போலி லாங்குவேஜ் பண்ணாங்க, கீவேர்டு, குறி எல்லாம் கண்டபடி எடுத்துப் போட்டது. மருந்து டெஸ்ட்ல ஒரு குரூப்புக்கு வெறும் சர்க்கரை மாத்திரை குடுப்பாங்கல்ல, அந்த வேலைதான் இதுக்கு. ப்ரோகிராமிங்கே தெரியாதவங்களுக்கு உதாரண கோட் குடுத்து எழுத வச்சா, குவோரம் குரூப், பெர்ல்ங்கிற இன்னொரு லாங்குவேஜ்ல எழுதின குரூப்பை விட சரியா எழுதுச்சு, பெர்ல் குரூப்போ ராண்டமோவை விட நல்லா எழுதினதா நிரூபிக்க முடியல! பெர்ல் ஆளுங்களுக்கு வந்த கோவத்துல ஒரு நியாயமும் இருக்கு, குரூப் சின்னது, வித்தியாசம் தெரியலைன்னா வித்தியாசமே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. 2013ல சுசானா சீபர்ட்டோட சேந்து ஜாவா, பைத்தான், ரூபியையும் சேத்துப் பண்ணாங்க, அதுல பைத்தான், ரூபி, குவோரம் மூணும் ராண்டமோவைத் தாண்டிடுச்சு, ஜாவாவும் பெர்லும் தாண்டல. தான் பண்ணின லாங்குவேஜுக்குத் தானே பரீட்சை வைக்கிறது கொஞ்சம் இடிக்கத்தான் செய்யுது, இருந்தாலும் பைத்தானும் நல்லா வந்துச்சுன்னு மறைக்காம போட்டிருக்காங்களே.

எந்த வேலையைக் குடுத்து அளக்குறோம்ங்கிறதுலயே ரிசல்ட் மாறும், அதையும் மறக்கக்கூடாது. ஸ்டெஃபான் ஹானன்பெர்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2010ல 49 பேரை வச்சுப் பாத்தப்ப ஸ்டாட்டிக் டைப்பால (எதுல நம்பர் வரும், எதுல எழுத்து வரும்னு கோட்லயே முன்னாடி சொல்லி வைக்கிறது) பெருசா லாபம் தெரியல, 2012ல டாக்குமென்டேஷனே இல்லாத கோடைக் குடுத்து வேற ஒரு ஸ்டடி பண்ணினப்ப நிறைய டாஸ்க்ல அதே டைப் கை குடுத்துச்சு. அதனால "ஆராய்ச்சியே சொல்லிடுச்சு"ன்னு யாராவது ஆரம்பிச்சா, யாரை வச்சு, என்ன வேலை குடுத்துன்னு முதல்ல கேளுங்க.

யூஸ் பண்றதுக்கு எப்படின்னா, ரெண்டு மதிப்பை ஒப்பிடவும் ஒத்த ஈக்வல்ஸ் (=) தான், ரெண்டு ஈக்வல்ஸ் (==) போட்டு சி, ஜாவால ஊறின கைக்கு உறுத்தும், புதுசா வர்றவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல. "சே"ன்னு போட்டா எழுதினதை வாய்விட்டே சொல்லுது, சின்னப் பசங்க குஷியாயிடுவாங்க. லைப்ரரி பைத்தான் அளவுக்கெல்லாம் எதிர்பாக்காதீங்க, வேலை தேடுறவங்களுக்கும் இது உதவாது.

ஸ்கூல்ல கோடிங் சொல்லிக் குடுக்குறவங்க, முக்கியமா பார்வை இல்லாத பசங்களுக்குச் சொல்லிக் குடுக்குறவங்க தாராளமா எடுக்கலாம். 5க்கு 4. ஒரு மார்க்கை வெட்டினது, ராண்டமோ ஸ்டடி ரெண்டுமே புதுசா உக்காந்தவங்களோட ஆரம்ப நேரத்தைத்தான் அளந்திருக்கு, ஒரு வருஷம் கழிச்சு பெரிய ப்ராஜெக்ட்ல இதே சின்டாக்ஸ் (கோட் எழுதுற முறை) எப்படி நிக்கும்னு அதை வச்சு சொல்ல முடியாது.