280 ரூபாய் கை லென்ஸ்: ஆறு வாரங்களுக்குப் பிறகு

எட்டாம் வகுப்புப் பேத்திக்காக, ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் இந்த மடக்கு லென்ஸை வாங்கினேன். பத்து மடங்கு பெரிதாக்கும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பூவை இரண்டரை சென்டிமீட்டர் அருகே கொண்டுவர வேண்டும். கையை நீட்டிப் பார்த்தால் மங்கல்தான்.

முதலில் ஒற்றையடுக்குச் செம்பருத்தி. நடுவில் நீளும் குழாயைச் சுற்றி மகரந்தப்பைகள். உச்சியில் வெல்வெட் பொட்டுகளாக, மகரந்தத்தை ஏற்கும் ஐந்து சூலகமுடிகள். அடியில் பிளேடால் குறுக்கே வெட்டினோம். சூலகப்பையின் ஐந்து அறைகளும், உள்ளே வெண்மணிகளாக, பின்னர் விதையாகும் சூல்களும் தெளிவாகத் தெரிந்தன.

ஆனால் எங்களை வரப்பிலேயே உட்கார வைத்தது வெட்டுக்காயப் பூண்டு. ஒரே பூ என்று நாம் நினைப்பது ஒரு கூட்டம்! நுனியில் மூன்று பற்கள் கொண்ட ஒவ்வொரு வெள்ளை இதழும் தனிப் பூ. அது பெண் பூ. நடுவிலுள்ள மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றும் ஐந்து மடல்கள் விரிந்த குழல் பூ. அதில் ஆண், பெண் இரு உறுப்புகளும் உண்டு. முப்பத்தொரு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராக இருந்த எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

இலை மூச்சுவிடும் நுண்ணிய இலைத்துளைகளுக்கு இது போதாது, நுண்ணோக்கிதான் வேண்டும். விளிம்பில் சற்று நீல நிறம் படிகிறது. நான்காம் வாரமே மூடியின் திருகு தளர்ந்தது. மாற்றித் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார், அது எனக்கு வருத்தமே. லென்ஸில் மட்டும் கீறல் இல்லை. அடுத்த வீட்டுப் பையனுக்கும் ஒன்று வாங்கிவிட்டேன், வேறு கடையில்.