'சீல் பிரிக்காத' டிஸ்க் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்துகளில் மொபைல் கவர், சார்ஜர், ஹெட்போன் வகையறாக்களோடு பிளேஸ்டேஷன் கேம் டிஸ்க்குகளையும் வைத்து விற்கும் கடைகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், யாரோ விளையாடி முடித்துத் திருப்பிக் கொடுத்த டிஸ்க்கைப் புதியது என்று சொல்லி, புதிய டிஸ்க்கின் விலைக்கே என் தலையில் கட்டிவிட்டார்கள். கேம், 2023 நவம்பரில் வெளியான 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 3' என்ற துப்பாக்கிச் சண்டை கேம். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இந்தத் தில்லுமுல்லைச் செய்ய இந்த கேமைப் போல வசதியானது வேறொன்று இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர் பேச்சில் குறையே வைக்கவில்லை. "தம்பி, சீல் பிரிக்காத சரக்கு. முழு கேமும் டிஸ்க்கிலேயே இருக்கிறது, நெட் இல்லாவிட்டாலும் கதையை விளையாடலாம். பிடிக்கவில்லை என்றால் கொண்டுவாருங்கள், வேறு தருகிறேன்" என்றார். மூன்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. பில் கேட்டதற்கு, 'எஸ்டிமேட்' என்று தலைப்பு அச்சடித்த துண்டுச் சீட்டில் 'கேம் 1' என்று எழுதி, தொகையைப் போட்டுக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் இல்லை, கடையின் முகவரிகூட இல்லை. கீழே மட்டும் கொட்டை எழுத்தில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'.

தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் வேலைப்பாடு தெரிந்தது. உறையின் ஒரு பக்க ஓரம் நெடுகப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய கோடு. மூலைக்கு அருகே ஊசியால் குத்தியதுபோல் சிறு துளைகள். ஆலையிலிருந்து வரும் பெட்டியில் மேலும் கீழும் உறையை மடித்து ஒட்டியிருப்பார்கள். இது கடையிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டுச் சூடான காற்றடித்துச் சுருக்கிய உறை. பெட்டியைத் திறந்தால் டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் மெல்லிய கீறல்கள், ஒரு கட்டைவிரல் ரேகை. உள்மூடியில் பென்சிலால் எழுதி அரைகுறையாக அழித்த ஒரு விலை. முந்தைய ஆசாமிக்குக் கொடுத்த தொகையாக இருக்கவேண்டும். நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

நெட் வேண்டாம் என்றாரே, அதையும் பார்த்துவிட்டேன். டிஸ்க்கைப் போட்டதும் இணையத்திலிருந்து கோப்புகள் இறங்க ஆரம்பித்தன. மறுநாள் வரை இறங்கிக்கொண்டே இருந்தன. கம்ப்யூட்டரில் போடுவதற்கே 149 ஜிபி இடம் வேண்டும் என்று தயாரிப்பாளர்களே அறிவித்திருந்த கேம் இது. தனியாக உட்கார்ந்து கதையை விளையாடுவதற்குக்கூட இணைய இணைப்பு அறுபடாமல் இருக்கவேண்டும். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்து வேகம் குறைந்துவிடும் வீடுகளில் இதன் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை. 2022இல் வந்த முந்தைய பாகத்தின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) டிஸ்க்கில் ஏறக்குறைய 70 எம்பி அளவுக்கே கோப்புகள் இருந்தன என்பது அப்போதே செய்தியானது. 'முழு கேமும் டிஸ்க்கில்' என்று யாராவது இந்த வரிசையைப் பற்றிச் சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

சரி, கேமாவது நன்றாக இருந்ததா? 2003இல் இரண்டாம் உலகப் போரை வைத்துத் தொடங்கிய வரிசை இது. 2007இல் வந்த 'மாடர்ன் வார்ஃபே'ரைப் பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் நாற்காலிக்குக் காத்திருந்து விளையாடிய தலைமுறை என்னுடையது. அந்தப் பெயரைக் கேட்டாலே காசை எடுத்து நீட்டுகிறவர்கள் நாங்கள் என்பது விற்கிறவர்களுக்கும் தெரியும். 2011இல் இதே பெயரில் ஒரு பாகம் வந்தது. அது வேறு, இது வேறு. 2019இல் புதிதாகத் தொடங்கிய கதையின் மூன்றாம் பாகம்தான் நான் வாங்கியது.

கதைப்பகுதி ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது. நான்கைந்து மணி நேரம் போதும். அதிலும் பல கட்டங்களில் கதை என்று ஒன்றும் நடப்பதில்லை. ஒரு பெரிய திடலில் இறக்கிவிட்டு, அங்கங்கே பெட்டிகளில் துப்பாக்கிகளை வைத்து, உன் பாடு என்று விட்டுவிடுகிறார்கள். அணைக்கட்டும் விளையாட்டரங்கமும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இதே வரிசையின் 'வார்சோன்' கேமை ஆடியவர்களுக்கு ஏற்கெனவே பழகிய இடங்கள். மகாரோவ் என்ற வில்லனை முந்தைய பாகத்தின் முடிவிலேயே பெரிதாக அறிவித்தார்கள். இங்கே அவன் முக்கியமான ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பிவிடுகிறான், கதையும் அத்தோடு அறுந்துவிடுகிறது. பலபேர் சேர்ந்து ஆடும் பகுதியில், வெளியீட்டின்போது தந்த 16 களங்களும் இதே வரிசையின் 2009ஆம் ஆண்டு கேமிலிருந்து எடுத்துப் புதுப்பித்தவை. அவை நல்ல களங்கள், அதை மறுக்கவில்லை. ஓட்டத்தின் வேகமும் முந்தைய பாகத்தைவிடத் தேவலை. ஆனாலும் மீந்த குழம்பைச் சுடவைத்துப் புது விருந்து என்று இலை போட்டதுபோலத்தான் இருந்தது. முந்தைய பாகத்துக்குக் கூடுதல் பகுதியாகத் திட்டமிட்டதைப் பிறகு முழு கேமாக மாற்றி, வழக்கத்தைவிட மிகக் குறைந்த காலத்தில் முடித்தார்கள் என்று புளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது. உருவாக்கிய ஸ்டூடியோவின் தலைவர் அதை மறுத்தார். விளையாடியவன் என்ற முறையில் நான் யாரை நம்புகிறேன் என்று கேட்காதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரே மாலையில் முடிந்துபோகும் கேமை யாரும் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்திருக்கமாட்டார்கள். கதைக்காக வாங்கியவர் அந்த வாரமே கடையில் கொடுத்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதிகம் புழங்காத டிஸ்க் என்பதால் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். உறை ஒன்றைச் சுருக்கிவிட்டால் பாதி விலைச் சரக்கு முழு விலைச் சரக்காகிவிடும். பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கும் பெற்றோர் உறையின் ஓரத்தையா தடவிப் பார்க்கப்போகிறார்கள்?

திருப்பிக் கொடுக்கப் போனேன். டிஸ்க்கைக் கையில்கூட வாங்கவில்லை. "உறையைப் பிரித்தது நீங்கள்தானே தம்பி?" என்றார். உள்மூடியிலிருந்த பென்சில் எழுத்தைக் காட்டியதும், "மொத்த வியாபாரி அப்படித்தான் அனுப்பினார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார்.

பழைய பொருளைப் புதியது என்று விற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகமுறை. முறையான பில் கொடுக்க மறுப்பதும் அப்படியே. குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது, 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். சீட்டின் அடியில் கொட்டை எழுத்தில் எதை அச்சடித்தாலும் சட்டம் மாறிவிடாது. ஆனால் கேம் நன்றாக இல்லை என்பதற்காக இந்தச் சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்க முடியாது; பிடி கிடைப்பது அந்த உறையிலும் டிஸ்க்கிலும் துண்டுச் சீட்டிலும்தான். அதனால் பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்தே வீடியோ எடுத்து வையுங்கள். பணத்தை யுபிஐயில் செலுத்துங்கள். எஸ்டிமேட் கொடுக்கிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்துவிட்டேன். அங்கே தீராவிட்டால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. புகார் பதிந்த பிறகு கடைக்காரரே தொலைபேசியில் அழைத்தார். பாதிப் பணம் தருகிறேன், புகாரை விலக்கிக்கொள்ளுங்கள் என்றார். முழுப் பணமும் வந்தால் விலக்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.