எல்.எல்.எம். (சட்ட முதுநிலை) ஆய்வேட்டுக்கு ஹியூடாக்: நீண்டநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகளை ஹியூடாக் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். பதிவு, கடவுச்சொல் எதுவும் கேட்காது. கல்லூரி நூலகச் சந்தா எப்போது தீரும் என்று தெரியாத மாணவர், காட்பாடி அறையில் கைப்பேசி டேட்டாவிலேயே வேலையை ஓட்டிவிடலாம். கேட்டதை எடுத்துத் தருவதில் இதைக் குறை சொல்ல முடியாது. எதை விட்டுவிட்டுத் தேடியது என்பதை மட்டும் சொல்லாது. ஆய்வேட்டில் ஓட்டை விழுவது அங்கேதான்.

இந்தப் பக்கத்து மாணவர் பலர் தொடங்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். தோல் ஆலைக் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேதம் நிரூபணமாகும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஐரோப்பாவில் இதற்கு இணை தேடினால் லோபஸ் ஓஸ்ட்ரா எதிர் ஸ்பெயின் கிடைக்கும் (மனு எண் 16798/90, 1994 டிசம்பர் 9). லோர்கா நகரத்துத் தோல் ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் மனுதாரர் வீட்டிலிருந்து 12 மீட்டரில், உரிமம் இல்லாமல் 1988 ஜூலையில் ஓடத் தொடங்கியது. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் பிரிவு 8 (தனிவாழ்க்கை, குடும்பம், வீடு) மீறப்பட்டது, பிரிவு 3 (இழிவான நடத்தைக்குத் தடை) மீறப்படவில்லை என்பது முடிவு. இழப்பீடு 40 லட்சம் பெசெட்டா (அப்போதைய ஸ்பெயின் நாணயம்). மேற்கோளுக்கு உரிய இடம் 51-வது பத்தி: உடல்நலத்துக்குக் கடும் ஆபத்து வராவிட்டாலும், கடுமையான மாசு வீட்டு வாழ்க்கையைப் பாதிக்கலாம்.

அடுத்து, பின்னால் வந்த எந்த வழக்குகள் இதைப் பின்பற்றின என்று பார்க்க வேண்டும். மனு எண்ணைத் தேடல் பெட்டியில் போட்டால் பெரும்பாலானவை தப்பிவிடும். பழைய தீர்ப்புகளை நீதிமன்றம் மனு எண்ணால் குறிப்பிடுவதில்லை; தேதியையும் ‘வரிசை ஏ, எண் 303-சி’ என்ற தொகுப்பு எண்ணையும்தான் போடுகிறது. ஆகவே வழக்கின் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு ஒரு தேடல், தொகுப்பு எண்ணைப் போட்டு இன்னொரு தேடல். இரண்டையும் ஒப்பிட்ட பிறகே எண்ணிக்கை எழுதுங்கள்.

இடப்பக்க வடிகட்டிகளில் கவனம் வேண்டும். தளம் திறக்கும்போது பேரமர்வு (17 நீதிபதிகள்), அமர்வு (7 நீதிபதிகள்) ஆகிய இரண்டின் தீர்ப்புகளுக்கு மட்டுமே டிக் இருக்கும். மூவர் குழுவின் தீர்ப்புகளும், மனு ஏற்கத்தக்கதல்ல என்ற முடிவுகளும் வேறு பெட்டியில் கிடக்கும். 2024 ஏப்ரல் 9 அன்று பேரமர்வு மூன்று காலநிலை வழக்குகளை முடித்துவைத்தது. சுவிட்சர்லாந்து மூதாட்டிகள் சங்கம் வென்ற கிளைமா சீனியோரினன் தீர்ப்பாகச் சேர்ந்ததால் வந்துவிடும். போர்ச்சுகல் இளைஞர்கள் போட்டு, ஏற்கத்தக்கதல்ல என்று தள்ளப்பட்ட துவார்த்தே அகோஸ்தின்யோ முடிவாகச் சேர்ந்ததால் அந்தப் பெட்டியைத் தொடாதவர் கண்ணில் படாது. வென்ற வழக்கை மட்டும் வைத்து எழுதிய அத்தியாயத்தை வாய்மொழித் தேர்வில் இரண்டு நிமிடத்தில் உடைத்துவிடுவார்கள்.

மொழி வடிகட்டி இன்னும் பொல்லாதது. நம் 1996 தீர்ப்போடு ஒப்பிட மிகப் பொருத்தமானது, முன்னெச்சரிக்கைக் கொள்கையை நேரடியாக எடுத்துப் பேசிய தடார் எதிர் ருமேனியா (67021/01, 2009 ஜனவரி 27). தங்கச் சுரங்க சயனைடு பற்றியது. தீர்ப்பு பிரெஞ்சில். ஆங்கிலத்தை மட்டும் டிக் செய்தால் இது பட்டியலிலேயே வராது. இயந்திர மொழிபெயர்ப்பில் படிப்பதில் தவறில்லை. மேற்கோளைப் பிரெஞ்சு மூலத்தின் பத்தி எண்ணோடு கொடுத்துவிடுங்கள். பக்க எண் எப்போதுமே வேண்டாம், வேர்டில் ஒன்று, பிடிஎஃப்பில் ஒன்று என்று மாறும்.

ஒரே மனு எண்ணில் இரண்டு தீர்ப்புகள் இருக்கலாம். ஹீத்ரோ இரவு விமானச் சத்தம் பற்றிய ஹாட்டன் வழக்கில் (36022/97) 2001-இல் அமர்வு பிரிவு 8 மீறல் என்றது. 2003 ஜூலை 8 அன்று பேரமர்வு மீறல் இல்லை என்றது. பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அமர்வுத் தீர்ப்பு வந்த நாளிலேயே இறுதியாவதில்லை. யாரும் பேரமர்வுக்குப் போகாவிட்டால் 3 மாதத்தில்தான் இறுதியாகிறது. தீர்ப்பின் முகப்புப் பக்கத்தில் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

முக்கியத்துவ அளவில் ‘முக்கிய வழக்கு’, 1, 2, 3 என்று நான்கு படி. பாடத்துக்கு முதல் இரண்டு படி போதும். ஒரு நாட்டில் மீறல் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று காட்ட நினைத்தால் 3-ஐயும் சேர்த்தாக வேண்டும், அப்படிப்பட்ட வழக்குகள் அங்கேதான் குவியும்.

ஒப்பீட்டில் இன்னொரு சிக்கல் தளத்தால் வருவதல்ல, ஐரோப்பிய ஒப்பந்தத்தில் யார் மனு போடலாம் என்று சொல்லும் பிரிவு 34-ஆல் வருவது. வேலூர் வழக்கு பொதுநல வழக்கு. மனுதாரரே பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற ஸ்ட்ராஸ்பர்க் விதியின்படி நல மன்றம் வாசலைத் தாண்டுவதே கடினம். கிளைமா சீனியோரினன் சங்கங்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தது, அதுவும் காலநிலை வழக்குகளுக்கு. இதைச் சொல்லாமல் இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் பயனில்லை.

ஐ.நா. மனித உரிமைக் குழு தனிமனுக்கள் மீது சொல்லும் கருத்துரைகள் ஹியூடாக்கில் வராது, அவற்றுக்கு ஐ.நா.வின் தனித் தேடுதளம் உண்டு. பூச்சிக்கொல்லி பற்றிய போர்தியோ காசெரெஸ் எதிர் பராகுவே (2751/2016) அங்கே கிடைக்கும். அந்தத் தனிமனுக்களுக்கு வழி செய்யும் முதல் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேராததால் நம்மூரிலிருந்து அந்தக் குழுவுக்குத் தனிமனு போட முடியாது.

தீர்ப்புக்குப் பின் என்ன நடந்தது என்ற அத்தியாயத்துக்கு ஹியூடாக்-எக்ஸெக் என்ற தனித் தளத்துக்குப் போக வேண்டும். நிறைவேற்றம் நிலுவையா, முடிந்ததா, அரசு என்ன செயல்திட்டம் கொடுத்தது என்பதெல்லாம் வழக்குவாரியாக இருக்கும். நம் பக்கம் அப்படி ஒரே இடம் கிடையாது. பாலாறு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடி தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கச் சொன்னது. நடுவில் ஓடிய 28 ஆண்டு விவரத்தை உயர் நீதிமன்ற உத்தரவுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் சேர்க்க வேண்டும். அதற்கே ஒரு செமஸ்டர் ஒதுக்கிவிடுங்கள்.