ஓதம் ஏறின சுவரும் சுண்ணாம்புக் கொத்தனாரும்

கும்பகோணத்தில் எங்கள் வீடு மாமனார் காலத்தது. பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை. கூடத்து மேற்குச் சுவரில் இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து, கூட்டக் கூட்ட மாவாக உதிரும். மூன்று வருஷம் முன்னால் ஒருவர் வந்து காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்ட் பூசி, நீர் புகாத பெயிண்டும் அடித்துவிட்டுப் போனார். ஒரு ஐப்பசி தாங்கியது. அடுத்த மழைக்கு ஓதம் சிமெண்டுக்கு மேலே, கழுத்துயரத்தில் தலைகாட்டியது.

இந்தத் தடவை பாபநாசம் பக்கமிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தோம். அவர் வேலைக்கு ஐந்துக்கு நாலு மார்க் கொடுப்பேன். வந்த அன்று கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போய், பொத்தென்று கேட்ட இடத்திலெல்லாம் கரிக்கோடு போட்டார். பிறகு வெளிச்சந்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். அது நேரே சுவரடிக்கு ஓடியது. "அக்கா, மொதல்ல சந்து வாட்டத்த மாத்துங்க. அப்பறம் கூப்புடுங்க" என்று கிளம்பிவிட்டார். அந்தச் சந்துக்குத் தளம் போட்டது நாங்கள்தான், யாரைச் சொல்ல?

சித்திரையில் வேலை தொடங்கியது. சிமெண்டை உரித்துச் சுவரை இரண்டு வாரம் காயப் போட்டார். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவவே விடவில்லை. கரைந்து மறுபடி கல்லுக்குள் போய்விடுமாம், காய்ந்த பிரஷ்ஷால்தான் தேய்க்கணும். இற்றுப்போன கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து மாற்றினார், அடுத்தடுத்த இரண்டு கல்லில் ஒரே நாளில் கை வைக்கவில்லை. கலவை, ஒரு பங்கு நீற்றின சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், கூடவே கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர். அந்த நாற்றத்துக்கு மட்டும் தனியாக ஒரு மார்க் குறைக்கலாம். பூசினதும் நனைத்த கோணிச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார். சுண்ணாம்பு வழியாக ஈரம் வெளியே போய்விடுமாம். சிமெண்ட் அதை அடைக்கிறது, அதனால்தான் மேலே ஏறியிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் ஊர்த் திருவிழா என்று ஐந்து நாள் ஆளையே காணோம். கொத்தின குப்பையை நாங்கள்தான் அள்ளினோம். அவசரக்காரர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டும் போய்விட்டது. மூலையில் மட்டும் கையகலத்துக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது. பதறிப்போய் போன் செய்தேன். "உள்ள இருந்த மிச்சம் வெளிய வருதுக்கா, வெளக்கமாத்தால தட்டி விடுங்க" என்றார்.